யூனுஸ் தேர்ந்தெடுத்த மூன்றாவது கதை

இரண்டு வருடமாக ஓடிய கதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முடிந்தது. உப்பளத் துறைமுகத்தைப் பிடித்து வைத்திருந்த கொள்ளைக்காரத் தலைவனை மூன்று பேரும் சேர்ந்து மடக்கிவிட்டார்கள். கடைசிப் பகடை ஜாஹித்துடையது. அது நின்றதும் மூவரும் கைதட்டினார்கள். யூனுஸுக்குக் கண் கலங்கியது. அவன் கண்ணைத் துடைத்துக்கொள்வதற்குள், செந்தில்குமார் படியோரம் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"பாய், தஞ்சாவூர்ல ஒரு குரூப் ஓடுதுங்க. ரெண்டு தடவ போய்ட்டு வந்தேன். கலர் கலரா மேப்பு, பெயின்ட் அடிச்ச பொம்மைங்க, பின்னாடி மியூசிக்கு. பசங்க பின்னுறானுங்க."

"அப்படியா டாக்டர்?" என்றான் யூனுஸ்.

"நம்ம அடுத்த கதை என்னன்னு சொல்லுங்க. பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்."

அந்தக் கடைசி வாக்கியம் யூனுஸின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

பட்டுக்கோட்டைக் கடைத்தெருவில் திரைச்சீலை, மெத்தை விரிப்பு விற்கும் கடை யூனுஸின் குடும்பத்துடையது. மாடியில் கிடங்கு. சுருட்டி நிறுத்திய திரைத்துணிகளுக்கும் தலையணை மூட்டைகளுக்கும் நடுவே ஒரு மேசை போட்டு, ஞாயிறு மதியங்களில் அந்த விளையாட்டு நடக்கும். கட்டம் கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இறங்கி, "நான் இதைச் செய்கிறேன்" என்பார்கள். செய்வது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பெரிய எண் விழுந்தால் பலித்தது. கதை சொல்பவருக்குப் பெயர் மாஸ்டர். "டீக்கடையிலயும் மாஸ்டர், இங்கயும் மாஸ்டர்" என்று ஜாஹித் கிண்டலடிப்பான். ஷார்ஜாவில் கிடங்கு வேலை பார்த்த காலத்தில், உடன் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரன் ஒருவன் யூனுஸுக்குக் கற்றுக்கொடுத்த விளையாட்டு அது. வளைகுடாவிலிருந்து அவன் கொண்டுவந்த பொருள்களில் இன்னும் உடையாமல் இருப்பது அந்தப் பகடைகள் மட்டும்தான்.

அந்த மேசையை விட்டால் யூனுஸின் பேச்சைக் கேட்க ஆளில்லை. பதினொரு வருடம் அவன் வீட்டுக்கு ஒரு போன் குரலாக இருந்தான். திரும்பி வந்தபோது அண்ணன் சித்தீக் கடையைத் தன் கைக்குள் வைத்திருந்தார். யூனுஸ் விலை சொன்னால் வாடிக்கையாளர் சித்தீக்கின் முகத்தைப் பார்ப்பார். வீட்டில் அவன் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், மகள் ஹுமைரா, "அத்தா, சுருக்கமா சொல்லுங்க" என்பாள். மனைவி ரிஃப்கா கேட்டுக்கொண்டே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவன் இல்லாமல் வாழப் பழகிவிட்டார்கள், அவ்வளவுதான்.

மாடி மேசையில் மட்டும் அவன் வாயைத் திறந்தால் மூன்று பேர் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். ஜாஹித், ரிஃப்காவின் தம்பி. செந்தில்குமார், ஒரத்தநாட்டுப் பக்கம் கால்நடை மருத்துவர். மூன்றாவது கவிப்ரியா. கடைத்தெருவிலேயே ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநர். தென்னந்தோப்புக்கார வீட்டு மருமகள். எதிலும் முந்திக்கொண்டு பேசமாட்டாள். ஆனால் பகடை எடுத்தால் கதையே திசை மாறும்.

இரண்டு வாரம் யூனுஸ் அடுத்த கதைக்காக மண்டையை உடைத்துக்கொண்டான். முதலில் ஒன்று பிடித்தான்: சுவாமிமலைப் பட்டறையில் வார்த்த ஒரு சிலை, கண் திறக்கும் நாளுக்கு முன் காணாமல் போகிறது, தேடிப் போகிறவர்கள் ஒவ்வொரு ஊரிலும் அதே போல இன்னொரு சிலையைக் காண்கிறார்கள். இரண்டாவது, முத்துக் குளிக்கும் கப்பலில் நடக்கும் கலகம். இரண்டும் நல்ல கதைகள் என்றுதான் அவனுக்குப் பட்டது.

மூன்றாவது ஒன்றும் மனதின் ஓரத்தில் கிடந்தது. அதை அவன் தொடாமல் ஒதுக்கி வைத்திருந்தான். அது அவனுடையது இல்லை.

போன வருடம் ஒரு ஞாயிறு, துறைமுகக் கதையில், கவிப்ரியாவின் பாத்திரம் ஒரு கிழவியைப் பாலத்துக்கு அந்தப்புறம் விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. விளையாட்டுத்தான். ஆனால் அவள் அழுதுவிட்டாள். மற்றவர்கள் போன பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். யூனுஸ் தண்ணீர் கொடுத்தான். அப்போது சொன்னாள்.

கஜா புயலன்று அவர்கள் எல்லாரும் மாமனார் வீட்டில் இருந்தார்கள். தளம் போட்ட வீடு. சுற்றிலும் தென்னைகள் மடமடவென்று விழுந்துகொண்டிருந்தன. கதவு பிய்த்துக்கொண்டு போய்விடாமல் அவளும் கணவனும் முதுகைக் கொடுத்து நின்றிருந்தார்கள். அப்போது வெளியே யாரோ தட்டினார்கள். தோப்பில் கீற்று முடையும் தர்மாம்பாள். குடிசை பறந்துபோய், கையில் ஒரு ஆட்டுக்குட்டியோடு வந்திருந்தாள். "சின்னம்மா, என்னைய விடுங்க, இந்தக் குட்டியையாவது உள்ள வாங்கிக்கங்க" என்று கத்தினாள். மாமனார், "தொறந்தா கதவு நிக்காது, அத்தனை பேரும் போயிருவோம்" என்றார். கணவனும் அதையே சொன்னான். கவிப்ரியா தாழ்ப்பாளின் மேல் கையை வைத்தபடி நின்றாள். தட்டுவது நின்றது. விடிந்து பார்த்தபோது தர்மாம்பாள் வாசலுக்குச் சற்றுத் தள்ளி, விழுந்த மரத்தின் அடியில் கிடந்தாள்.

"தட்டுனது யாருக்கும் தெரியாதுண்ணே. அந்தக் காத்துல யாருக்குக் கேக்கும்? மாமா சொன்னது சரிதான். தொறந்திருந்தா கதவு நின்னிருக்காது. அத நான் நம்புறேன். அத நம்பித்தான் சோறு தின்னுறேன்" என்றாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவள் கேட்கவில்லை. சொல்லமாட்டான் என்று நினைத்தாள்.

குறித்த ஞாயிறு வந்தது. யூனுஸ் சிலைக் கதையைச் சொன்னான். செந்தில்குமார் பாதியில் போனை எடுத்துவிட்டார். கப்பல் கதையைச் சொன்னான். ஜாஹித் கொட்டாவி விட்டான்.

"நல்லாத்தான் இருக்குண்ணே" என்றாள் கவிப்ரியா. இந்த மாத்திரை கேட்குமா என்று கேட்கும் நோயாளிக்குச் சொல்கிற குரல் அது.

"வேற?" என்றார் செந்தில்குமார், போனிலிருந்து தலை தூக்காமல்.

யூனுஸ் மேசையைப் பார்த்தான். இந்த மேசை காலியாகப் போகிறது. இனி ஞாயிறும் மற்ற ஆறு நாட்களைப் போல ஆகிவிடும். அண்ணன் முகத்தைப் பார்க்கும் வாடிக்கையாளர்கள். சுருக்கமா சொல்லுங்க அத்தா.

"மூணாவது ஒண்ணு இருக்கு" என்றான்.

சொன்னான். பழைய காலத்துக் கடலோர ஊர். புயல் அடிக்கும் ராத்திரி. ஊரில் ஒரே ஒரு கல் கட்டடம், தானியக் களஞ்சியம். இடம் பிடித்தவர்கள் உள்ளே. பிடிக்காதவர்கள் வெளியே. கதவைத் தட்டுகிறார்கள். "கதவ அடைச்சவனும் தட்டுனவனும் மறுநாள் காலைல அதே ஊர்ல, ஒரே கிணத்துல தண்ணி எடுத்துப் பொழைக்கணும். அங்கருந்துதான் கதையே ஆரம்பிக்குது."

செந்தில்குமார் போனைக் கவிழ்த்து வைத்தார். ஜாஹித் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"பாய்!" என்றார் செந்தில்குமார். "இத ஏங்க இவ்ளோ நாளா மறைச்சு வெச்சிருந்தீங்க?"

யூனுஸ் கவிப்ரியா இருந்த பக்கம் திரும்பவில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் கடை திறக்கும் நேரத்தில் அவள் போன் செய்தாள். கோபப்படவில்லை. "அண்ணே, அது மட்டும் வேணாம். அந்தச் சிலைக் கதைய வெச்சுக்கலாம். கப்பலா இருந்தாலும் சரி. நான் அவங்க ரெண்டு பேருகிட்டயும் பேசுறேன். அது மட்டும் வேணாண்ணே."

"சேச்சே, நீங்க நெனைக்கிறது இல்லம்மா அது."

"எதுவா இருந்தாலும் வேணாண்ணே."

"சரிம்மா. மாத்திடுறேன்" என்றான்.

சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னான். ஆனால் அன்று மாலையே செந்தில்குமாரின் குரல் பதிவு வந்தது. தஞ்சாவூர்க்காரர்களிடம் இனி வரமுடியாது என்று சொல்லிவிட்டாராம். ஒரு கன்றுக்குட்டிக்கு ஊசி போடும்போதுகூட அந்தக் கதவுதான் ஞாபகம் வருகிறதாம். யூனுஸ் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டான். அவன் சொன்ன ஒரு சொல்லை இன்னொரு மனிதர் வயல்வரப்பெல்லாம் சுமந்துகொண்டு திரிகிறார்! அதற்குப் பிறகு அவன் மனம் நியாயங்களைத் தேட ஆரம்பித்தது. தேடினால் கிடைக்காத நியாயம் உண்டா? வியாழக்கிழமை வாக்கில் அவனுக்கு ஒன்று அகப்பட்டது: இது கவிப்ரியாவுக்கும் நல்லதுதான். அன்று திறக்க முடியாத கதவை, கதையில் திறந்துகொள்ளட்டுமே. பாரம் இறங்கும். அவளுக்குப் போன் செய்து சொல்லிவிடலாமா என்று நினைத்தான். சொன்னால் வரமாட்டாள் என்பதும் தெரிந்தது. சொல்லவில்லை.

ஞாயிறு அவள் வந்தாள். வரும்போது எல்லாருக்கும் வாழைக்காய் பஜ்ஜி வாங்கி வந்திருந்தாள். கதையை மாற்றியதற்கு நன்றியாக இருக்கலாம்.

யூனுஸ் ஆரம்பித்தான். "காத்து தெக்குப் பக்கமிருந்து வருது. களஞ்சியத்துக் கதவுல நீங்க மூணு பேரும் காவல்."

பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டிருந்த கவிப்ரியாவின் கை நின்றது. அவனைப் பார்த்தாள். எழுந்து போனால், ஏன் போகிறாய் என்று மற்ற இருவரும் கேட்பார்கள். காரணம் சொல்ல வேண்டிவரும். அதனால் போகமாட்டாள். இது யூனுஸுக்கு முன்பே தெரியும். அந்த வாரம் முழுக்க அவன் தனக்குள் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளாத கணக்கு அதுதான்.

அன்று அவன் சொன்னதுபோல அதற்கு முன் சொன்னதில்லை. தகரம் கிழிகிற ஓசையை உதட்டால் எழுப்பினான். மேசையை முழங்கையால் மெல்ல அதிரவைத்தான். வெயில் காயும் மதியத்தில் ஜாஹித்தின் கையில் மயிர் கூச்செறிந்தது.

"யாரோ தட்டுறாங்க" என்றான் யூனுஸ். "கவிப்ரியா, நீங்கதான் தாழ்ப்பாகிட்ட நிக்கிறீங்க. என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணல" என்றாள்.

"ஏங்க, தொறங்க!" என்றார் செந்தில்குமார். "வெளில ஒரு உசுரு நிக்குது."

"உள்ள பிள்ளைங்க இருக்கு டாக்டர்."

"அதுக்காக? மனசாட்சின்னு ஒண்ணு வேணாமா உங்க கேரக்டருக்கு?"

"அக்காவுக்குக் கல்லு மனசு டாக்டர்!" ஜாஹித் சிரித்தான். "இந்த ஆளு கூட எப்படி காவல் நிக்கிறது?"

அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. விளையாட்டின் சுவாரசியத்தில் குத்தினார்கள். எருதின் புண் காக்கைக்குத் தெரியுமா? தெரிந்தவன் ஒருவன் மேசையின் முனையில் உட்கார்ந்திருந்தான். அவன் அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். காற்று தணிந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கதை அவன் கையில்தான் இருந்தது. ஆனால் மேசையில் அப்படி ஒரு உயிர் அதற்கு முன் துடித்ததில்லை. அவன் முன்னால் சாய்ந்து, குரலைக் கிழவியின் குரலாக நடுங்கவிட்டு, கதவுக்கு வெளியிலிருந்து சொன்னான்:

"என்னைய விடுங்க. இந்தக் குட்டியையாவது உள்ள வாங்கிக்கங்க."

கவிப்ரியா பகடையைப் பிடுங்கினாள். "தொறக்கிறேன்" என்றாள். உருட்டினாள்.

இருபது.

செந்தில்குமார் எழுந்து நின்று கத்தினார். ஜாஹித் மேசையைக் குத்தினான். யூனுஸுக்கு நெஞ்சு நிறைந்தது. இதைத்தானே வேண்டினோம் என்று நினைத்தான். தாராளமாகச் சொன்னான்: "கதவு தொறக்குது. மூணு பேரும் தோள் கொடுத்துப் பிடிக்கிறீங்க. கிழவி குட்டியோட உள்ள வந்துடுறா. கதவ அடைச்சாச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. அவ சுவத்தோரம் உக்காந்து, கொடுத்த சுக்குத் தண்ணியக் குடிக்கிறா."

எல்லாரும் கவிப்ரியாவைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"ஆமாம்மா."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலயா? கதவு நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு."

"அப்ப நின்னிருக்கும்" என்றாள் அவள். மெதுவாக, பாடம் புரிந்த பிள்ளை போல. "தொறந்திருந்தா நின்னிருக்கும். நானும் அவரும் இருந்தோம், மாமா இருந்தாரு, கொழுந்தன் இருந்தாரு. நாலு பேரு பிடிச்சிருந்தா நின்னிருக்கும். தர்மாம்பா உள்ள வந்திருப்பா."

பையை எடுக்காமலே இறங்கிப் போனாள்.

பிறகு செந்தில்குமார், "பாய்... இது நெஜமா நடந்ததா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் ஏதோ பழைய நினைப்பில் பேசுகிறாள் என்று சொல்லியிருக்கலாம். யூனுஸ் ஆமாம் என்று தலையை ஆட்டினான். அத்தோடும் விடவில்லை. முழுவதையும் சொன்னான். நன்றாகவும் சொன்னான்.

ஜாஹித் அன்றே அக்காள் ரிஃப்காவிடம் சொன்னான். ரிஃப்கா பக்கத்து வீட்டில் சொன்னாள். பட்டுக்கோட்டையில் ஒரு செய்தி கயிறு மில் வரைக்கும் போக எவ்வளவு நேரம் ஆகும்? தர்மாம்பாளின் மகள் வானதி அங்கேதான் வேலை பார்த்தாள். அவள் மில் உடையோடு, தலையில் நார்த்தூசியோடு மருந்துக்கடைக்கு வந்து நின்றாளாம். கூட்டம் இருந்ததாம். "எங்கம்மா உங்க கதவத் தட்டுனுச்சா?" என்று கேட்டாளாம். கவிப்ரியா "ஆமா" என்றாளாம். வானதி அடிக்கவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. "நீங்கதான எங்கம்மா காரியத்துக்கு வந்து எச்சி எல எடுத்தீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாளாம். இதையெல்லாம் ஜாஹித் வந்து சொன்னபோது யூனுஸ் ஒரு விரிப்பை மடித்துக்கொண்டிருந்தான். மறுபடி பிரித்து மறுபடி மடித்தான்.

மாமனார் வீட்டில் கவிப்ரியாவை வைத்துப் பேசாத பேச்சில்லை. திறக்கச் சொன்னதே தாங்கள்தான், இவள்தான் மாட்டேன் என்று நின்றாள் என்று கதை மாறியிருந்தது. தாழ்ப்பாளில் இருந்தது அவள் கைதானே.

ஒரு நாள் யூனுஸ் தன் தாயார் மெஹராஜ் பேகத்தின் சர்க்கரை மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு அவள் கடைக்குப் போனான். அவள் விட்டுப் போன பையையும் கொண்டுபோயிருந்தான். கவிப்ரியா மாத்திரைகளை எடுத்துக் கவரில் போட்டாள். மெலிந்திருந்தாள்.

"சாப்பாட்டுக்கு முன்னாடி" என்றாள்.

"நான் உங்க நல்லதுக்குன்னு நெனச்சுத்தாம்மா..."

"தெரியும்ணே."

"பாரம் எறங்கும்னு..."

அவள் பையை வாங்கிக் கீழே வைத்தாள். "நீங்க நல்லா கதை சொல்றீங்கண்ணே" என்றாள். "அதுக்கு மேல உங்ககிட்ட ஒண்ணுமில்ல. யார்கிட்டயும் போய் அதுக்கு மேல இருக்குன்னு காட்டிக்காதீங்க." பிறகு அடுத்து நின்றவரிடம், "உங்களுக்கு என்னங்க?" என்றாள்.

அந்த மாதக் கடைசியில் அவள் வேலையை விட்டுவிட்டுத் திருவாரூரிலுள்ள தன் தாய்வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. கணவன் கூடப் போகவில்லை.

மாடியில் கதை நிற்கவில்லை. செந்தில்குமார் தஞ்சாவூரிலிருந்து மூன்று நான்கு பேரைக் கூட்டிவந்தார். அந்தப் பொம்மைக்காரர்களின் ஆட்கள்தான். நிஜத்திலிருந்து எடுத்த கதை என்று சொல்லியே கூட்டிவந்தார். களஞ்சிய ஊரில் இப்போது பகை முற்றி, கிணற்றில் யாரோ எதையோ கலந்திருந்தார்கள். மேசைக்கு நாற்காலி போதாமல் தலையணை மூட்டையில் உட்கார்ந்தார்கள். யூனுஸ் வாயைத் திறந்தால் ஐந்தாறு பேர் மூச்சை அடக்கினார்கள்.

அப்படி ஒரு ஞாயிறு வானதி படியேறி வந்தாள். யாரும் அழைக்கவில்லை. கதவருகே நின்றாள்.

"எங்கம்மா கதைய இங்க சொல்றீங்களாம்."

யூனுஸ் எழுந்தான். "உக்காருங்க" என்றான்.

உட்காரவில்லை. "உங்க கதைல அது உள்ள வந்துருச்சாமே. எல்லாரும் சொன்னாங்க. வந்துட்டு என்ன பண்ணுச்சு?"

யூனுஸ் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. கிழவி உள்ளே வந்தாள், சுவரோரம் உட்கார்ந்தாள், சுக்குத் தண்ணீர் குடித்தாள். அத்தோடு சரி. அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறுகள் போய்விட்டன. கிணறு வந்தது, பகை வந்தது, புதுத் தலைவன் வந்தான். கிழவியை யாரும் கேட்கவில்லை. அவனும் நினைக்கவில்லை. அவளுக்கு அவன் ஒரு பெயர்கூட வைத்திருக்கவில்லை.

"சும்மா சொல்லுங்க" என்றாள் வானதி. "கேட்டுட்டுப் போறேன். மில்லுக்கு லீவு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"நல்லா இருக்காங்க" என்றான் யூனுஸ்.

வானதி அவனைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "குட்டி?" என்றாள்.

"குட்டியும்."

"ம்" என்றாள். திரும்பிப் படியிறங்கினாள். கீழே சித்தீக், "என்னம்மா வேணும், திரைச்சீலையா?" என்று கேட்பது மாடி வரை கேட்டது.

தஞ்சாவூரிலிருந்து வந்த பையன்களில் ஒருவன் பகடையை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டிருந்தான். செந்தில்குமார் இருமினார். ஜாஹித் எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு, தயக்கமாக, "மச்சான், விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிக்கலாமா?" என்றான்.

யூனுஸ் உட்கார்ந்தான். தொண்டையைச் செருமினான்.

"கிணத்தடியில நாலு பேரு நிக்கிறாங்க" என்று ஆரம்பித்தான். எல்லாரும் முன்னால் சாய்ந்தார்கள்.